அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 55... இன்னும் எத்தனை வருஷம், எவ்வளவு பணம், யார் பார்த்துக்கொள்வது? முதுமைக் கணக்கை போடுவது எப்படி?

ரிட்டயர் ஆன மறுமாதம் பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் வங்கிக் கணக்கில் வந்து விழும்போது பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஒரு பங்கு மகள் கல்யாணக் கடனுக்குப் போகும். ஒரு பங்கு மாடி எடுக்கப் போகும். மிச்சம் ஃபிக்ஸட் டெபாசிட். "இது போதும், நமக்கு இனிமே என்ன பெரிய செலவு?" என்பார் அப்பா. அம்மா எதுவும் சொல்ல மாட்டார்.

ஆனால் அந்தப் பணத்தை அதிக காலம் நம்பி இருக்கப்போவது பெரும்பாலும் அந்த அம்மாதான்.

முதுமையில் எவ்வளவு செலவாகும், எந்த வயதில் எவ்வளவு உதவி தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? ஜோசியம் மாதிரி நாள், நேரம் சொல்ல முடியாது. ஆனால் ஓரளவு நெருக்கமாகவே கணிக்க முடியும். அரசாங்கங்கள் அதைத்தான் செய்கின்றன. அதே கணக்கை வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

அரசாங்கம் எப்படி கணக்கு போடுகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10.4 கோடி பேர். அதை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு 2036 வரைக்குமான கணிப்பை 2020-ல் வெளியிட்டது. அதன்படி 2036-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 20.8 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள். அதாவது ஐந்தில் ஒருவர். கேரளா 22.8 சதவீதத்துடன் நமக்கு முன்னால் நிற்கிறது.

இந்த எண்ணை எப்படி அவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறார்கள்? விஷயம் எளிது. 2036-ல் 60 வயது ஆகப்போகிறவர் 2011-ல் 35 வயதில் இருந்தவர். ஏற்கெனவே பிறந்துவிட்டார், எண்ணியும் ஆயிற்று. ஒவ்வொரு வயதுக் குழுவிலும் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை பேர் வெளியூர் போகிறார்கள் என்பதைக் கழித்துக்கொண்டே வந்தால் முதியவர்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கணிப்புகளிலேயே ஓரளவு நம்பிக்கையான பகுதி இதுதான். ஆட்டம் காண்பது சதவீதம். ஏனென்றால் அது இனி எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்பதையும் சார்ந்தது. 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.4 குழந்தை. இது குறையக் குறைய முதியவர்களின் பங்கு கூடும்.

இதில் ஒரு இடிப்பு உண்டு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை முதியோர் ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்த மாவட்டத்தில் எத்தனை படுக்கை போடுவது என எல்லாமே 2011-ஐ வைத்து நீட்டிப் போட்ட கோடுதான். பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட கிராமத்தில் உண்மை நிலவரம் மாநில சராசரியைவிட மோசமாகவே இருக்கும்.

தலையை எண்ணினால் மட்டும் போதாது. எத்தனை பேருக்கு எந்த அளவு உதவி தேவை என்பது அடுத்த கேள்வி. இதற்காகத்தான் 2017-18-ல் 45 வயதைத் தாண்டிய 72 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை வீடு வீடாகச் சந்தித்து 'லாசி' என்ற ஆய்வை நடத்தினார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அன்றாட அடிப்படை வேலைகளில் ஏதாவது ஒன்றையாவது செய்வதில் சிரமம் இருப்பது அதில் தெரியவந்தது. அதன் தொடர்ச்சியாக நடந்த மறதி நோய் ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று கணித்தது.

ஜப்பானில் இந்த வேலையை உள்ளாட்சியிடமே கொடுத்துவிட்டார்கள். 2000-ல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊரில் எத்தனை பேருக்கு எந்த அளவு உதவி தேவைப்படும் என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டு, அதற்கேற்ப சந்தாவை மாற்றும். நம்மிடம் அப்படி ஒரு காப்பீடு இல்லை. அதனால் அந்தக் கணக்கு நம் வீட்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்கிறது.

18 வருஷமா, 35 வருஷமா?

வீட்டுக் கணக்கில் முதல் தவறே இங்குதான் நடக்கிறது.

இந்தியாவில் சராசரி ஆயுள் 70 என்று பள்ளியில் படித்திருப்போம். 60 வயதில் ஓய்வு பெறுபவர் "இன்னும் 10 வருஷம்" என்று மனசுக்குள் கணக்கு போடுவார். தவறு. அந்த 70 என்பது பிறந்த குழந்தைக்கான எண். சின்ன வயதிலேயே இறந்தவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. 60-ஐத் தொட்டவர் அந்தக் கண்டங்களை எல்லாம் தாண்டி வந்தவர். 2014-18 தரவின்படி 60 வயதை எட்டிய ஒரு ஆண் சராசரியாக இன்னும் 17.4 ஆண்டுகள் வாழ்கிறார். பெண் 18.9 ஆண்டுகள்.

சரி, 18 வருஷத்துக்கு திட்டம் போட்டால் போதுமா? அதுவும் போதாது. சராசரி என்றாலே கிட்டத்தட்ட பாதிப் பேர் அதைத் தாண்டுவார்கள். 78 வயதில் பணம் தீர்ந்து, 84 வரை வாழ்வதுதான் இங்கே ஆபத்து.

அடுத்து, கணவன் மனைவி இருவரையும் ஒரே ஆளாகக் கணக்குப் போடுவது. நம் ஊரில் மனைவி கணவரைவிட நான்கைந்து வயது இளையவராக இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அவருக்கு ஆயுளும் சற்று அதிகம். இரண்டையும் கூட்டினால் கடைசிச் சில ஆண்டுகளை அவர் தனியாகத்தான் கழிப்பார். 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டிய பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கணவரை இழந்தவர்கள்.

எனவே அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 55 என்றால் கணக்கு ஓட வேண்டியது அம்மாவுக்கு 90 ஆகும் வரை. அதாவது 35 ஆண்டுகள். 90 வரை இருக்கமாட்டார் என்று நினைக்கிறீர்களா? இல்லாவிட்டால் பணம் மிஞ்சும். இருந்துவிட்டால்தான் பிரச்சினை.

ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த வீடு. இருவருக்கும் மாதச் செலவு 25 ஆயிரம். இந்த எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் விலைவாசி. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேல் வரம்பு 6 சதவீதம். பாதுகாப்புக்கு 6 என்றே வைப்போம். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. அதாவது 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இன்று 25 ஆயிரத்தில் நடக்கும் குடும்பத்துக்கு 72 வயதில் 50 ஆயிரம் வேண்டும். 84 வயதில் ஒரு லட்சம். வாழ்க்கைத் தரம் துளிகூட உயரவில்லை, அதே இட்லி, அதே சாம்பார்தான்.

இந்தப் பெருக்கல் எல்லாம் தலை சுற்றுகிறதா? ஒரு குறுக்கு வழி இருக்கிறது. உங்கள் சேமிப்புக்கு வரி போகக் கிடைக்கும் வட்டியும் விலைவாசி உயர்வும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட்டை மட்டும் நம்பும் குடும்பங்களுக்கு இது பெரிய பொய் இல்லை. அப்போது வட்டியையும் பணவீக்கத்தையும் இரண்டு பக்கமும் அடித்துவிடலாம். இன்றைய விலையில் எல்லாவற்றையும் நேராகப் பெருக்கினால் போதும்.

அப்பா 78 வரை இருக்கிறார் என்று வைத்தால், இருவரும் சேர்ந்து வாழ்வது 18 ஆண்டுகள். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 54 லட்சம். அதன் பிறகு அம்மா தனியாக 17 ஆண்டுகள். ஒருவர் போனால் செலவு பாதியாகிவிடும் என்று நினைப்பது இன்னொரு தவறு. வீட்டு வரி, கரண்ட் பில்லில் பெரும்பகுதி, வேலைக்கார அம்மாவின் சம்பளம் எதுவும் பாதியாவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு என்று வைப்பதே நியாயம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் 34 லட்சம்.

இப்போது பராமரிப்பு. கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு 2 ஆண்டுகள், அம்மாவுக்கு 4 ஆண்டுகள் முழுநேர உதவியாளர் தேவைப்படுகிறது என்று வைப்போம். மாதம் 20 ஆயிரம் என்றால் 6 ஆண்டுகளுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம்.

மொத்தம் 1 கோடியே 2 லட்சத்து 40 ஆயிரம்.

பார்த்தவுடன் டேபை மூடிவிடாதீர்கள். இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது.

எதிர்ப்பக்கம் என்ன வரும்?

தனியார் ஊழியர்களுக்கு பி.எஃப். வழியாக வரும் இ.பி.எஸ். பென்ஷன் ஒன்று உண்டு. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தை பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். சம்பள உச்சவரம்பு 15 ஆயிரம் என்பதால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது சில ஆயிரங்கள்தான். 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இதைவிட முக்கியம், இதற்கு அகவிலைப்படி கிடையாது. 60-ல் வாங்கும் 4 ஆயிரமே 72-லும் வரும், ஆனால் அப்போது அதன் மதிப்பு இன்றைய 2 ஆயிரம். கணவர் இறந்தபின் மனைவிக்குப் பாதி. இதையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், 4 ஆயிரம் ரூபாய் பென்ஷன் என்பது 35 ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 6 லட்சம்தான். மேலே சொன்ன கோடியில் அதைக் கழித்தால் மிச்சம் 96 லட்சம் சொச்சம்.

அகவிலைப்படியோடு பென்ஷன் வாங்கும் அரசு ஊழியர் குடும்பம் ஏன் நிம்மதியாக இருக்கிறது என்பது இப்போது புரியும். தொகை மட்டும் காரணம் இல்லை, அது விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது, மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியமாகத் தொடர்கிறது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. புதிதாகப் போடுபவர்களுக்கான வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யும், ஆனால் போட்டபின் 5 ஆண்டுக்கு அதே வட்டிதான். 8.2 என்ற கணக்கில் முழு 30 லட்சத்துக்கும் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். மாதத்துக்கு 20,500. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரும் வட்டியை எல்லாம் செலவழித்துவிட்டால், அசல் 30 லட்சமாகவே நிற்கும். 12 ஆண்டு கழித்து அதை வைத்து வாங்கக்கூடியது இன்றைய 15 லட்சத்துக்கான பொருளை மட்டும்தான். ஆரம்ப வருஷங்களில் வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப டெபாசிட்டிலேயே போட்டு வைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது பிள்ளைகள். "மாசம் பத்தாயிரம் அனுப்புறேன்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பத்தாயிரத்தை விலைவாசிக்கு ஏற்ப ஒவ்வொரு வருஷமும் கூட்டிக்கொண்டே 35 வருஷம் அனுப்பினால் அதன் இன்றைய மதிப்பு 42 லட்சம். கூட்டாமல் அதே பத்தாயிரத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் சுமார் 17 லட்சம்தான். வித்தியாசம் 25 லட்சம். அம்மா அப்பா வாயைத் திறந்து "கொஞ்சம் கூட்டிக் கொடு" என்று கேட்கமாட்டார்கள் என்பதை இங்கே சேர்த்துப் படிக்கவும்.

இது எதுவுமே இல்லாதவர்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500 ரூபாய். மிச்சத்தை மாநிலம் போடுகிறது. அந்த 200 ரூபாய் 2011-க்கு முன்பிருந்தே மாறாமல் நிற்கிறது. 1,200 ரூபாயில் மாதத்தை ஓட்டும் ஒரு பாட்டியிடம் 'கார்பஸ்' பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. ரேஷன் அரிசியும், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும்தான் அவருடைய திட்டம்.

எப்போது ஆள் தேவைப்படும்? முன்கூட்டியே தெரியுமா?

பணத்தைவிட இதுதான் கஷ்டமான கணிப்பு. ஆனால் இதற்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி கேட்ஸும் அவரது குழுவினரும் 1963-ல் வெளியிட்டது. ஆறே ஆறு வேலைகள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவற்றில் எத்தனையை ஒருவர் பிறர் உதவி இல்லாமல் செய்கிறார் என்று பார்ப்பார்கள். பொதுவாக முதலில் கைவிட்டுப் போவது குளிப்பது. கடைசி வரை நிற்பது சாப்பிடுவது.

ஆறில் ஒன்று போனால் காலையில் ஒரு மணி நேரம் யாராவது வந்து போனால் போதும். கழிப்பறைக்குத் துணை தேவை என்றாகிவிட்டால் ஒரு மணி நேரக் கணக்கு உதவாது, ஏனென்றால் அது எப்போது வரும் என்று தெரியாது. இரவிலும் ஆள் வேண்டும். பகல் நேர உதவியாளர், 24 மணி நேர உதவியாளர் என்று செலவு தாவிக் குதிப்பது இந்த இடத்தில்தான்.

இந்த ஆறுக்கும் முன்னாலேயே சில சிக்னல்கள் வந்துவிடும். போன் பேசுவது, சமைப்பது, கடைக்குப் போவது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, பணத்தை நிர்வகிப்பது. கரண்ட் பில் இரண்டாவது தடவையாகக் கட்டாமல் விட்டுப்போனால், ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டால், வழக்கமாக வைக்கும் குழம்பை வைக்காமல் தினமும் தயிர் சாதத்திலேயே முடித்துக்கொண்டால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, போன வருஷம் எத்தனை தடவை விழுந்தார் என்பதையும் கவனியுங்கள். ஊருக்குப் போகும்போது இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், ஒரு வருஷத்தில் போக்கு தெரிந்துவிடும். போனில் "நல்லா இருக்கேன்பா" என்பதுதான் எப்போதும் பதிலாக வரும். அதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

என் அப்பாயி பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் பதறினோம். அது காப்பீட்டில் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் 14 மாதம் படுக்கையில் இருந்தார். அதற்கான கணக்கு யாரிடமும் இல்லை. அம்மா வேலையை விட்டார். அவ்வளவுதான் எங்கள் வீட்டுத் திட்டம். சுவரில் ஒரு கைப்பிடி பதித்திருந்தால் என்று இப்போதும் அப்பா சொல்வார்.

அம்மா வேலையை விட்டதையும் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டில் மருமகளோ மகளோ பார்த்துக்கொண்டால் "செலவே இல்லை" என்போம். மாதம் 18 ஆயிரம் சம்பளம் வாங்குபவர் நான்கு வருஷம் வேலையை விட்டால் போவது 8 லட்சத்து 64 ஆயிரம். அதோடு அவருடைய பி.எஃப்., அவருடைய பணிக்காலம், அவருடைய முதுமைக்கான சேமிப்பு எல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. மாமியாரின் பராமரிப்புச் செலவை மருமகளின் முதுமையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதுதான் இதன் பொருள். அண்ணன் தம்பி அக்கா தங்கை நான்கு பேர் இருக்கும் வீட்டில், பார்த்துக்கொள்பவருக்கு மற்ற மூவர் மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

காப்பீடு எதற்கு வரும், எதற்கு வராது?

ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும். வீட்டில் படுத்தால் வராது. சுருக்கமாக இவ்வளவுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். 70 வயதைத் தாண்டிய எவரும், வருமான வரம்பு இல்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறும் வகையில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவாக்கியது. இவை இரண்டும் அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்குமானவை. டயப்பர், படுக்கைப் புண் மருந்து, உதவியாளர் சம்பளம், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் கட்டணம் இவற்றுக்கு இல்லை.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் பிரீமியம் ஏறுவதையும் கணிப்பில் சேர்க்க வேண்டும். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை முன் ஆலோசனை இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆண்டுதோறும் 10 சதவீதம் ஏறினாலே ஏழு வருஷம் சொச்சத்தில் இரட்டிப்பாகிவிடும். இன்று 40 ஆயிரம் கட்டுபவர் 70-ஐத் தாண்டும்போது 80 ஆயிரம் கட்ட முடியுமா? முடியாமல் பாலிசியை விடுவது பெரும்பாலும் அது மிகவும் தேவைப்படும் வயதில்தான்.

வீட்டுக்கே வரும் உதவி என்று பார்த்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. மாத்திரை தருவது தெரிந்த அளவுக்கு இது தெரிவதில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துவைக்கலாம்.

வீடு இருக்கே, அது போதாதா?

நம் ஊரில் முதியவர்களின் சொத்து என்றால் பெரும்பாலும் வீடும் நகையும்தான். ஆனால் வீட்டின் செங்கல்லைப் பிடுங்கி மளிகைக் கடையில் கொடுக்க முடியாது. வீட்டை வங்கியிடம் அடமானம் வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-லேயே வந்துவிட்டது. ஆனால் இங்கே பெரிதாக எடுபடவில்லை. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணத்தை எந்த வட்டிக் கணக்கும் அசைக்கவில்லை. மாடியை வாடகைக்கு விடுவதுதான் நடைமுறையில் நடக்கிறது. மாதம் 8 ஆயிரம் வாடகை என்றால், விலைவாசியோடு ஏறும் வருமானம் அது. பென்ஷனுக்கு அடுத்து நம்பகமானதும் அதுவே.

ஆபத்து வீட்டை எழுதிக் கொடுப்பதில் இருக்கிறது. "எப்படியும் உனக்குத்தான், இப்பவே செட்டில்மென்ட் எழுதிடறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அன்றே உரிமை கைமாறிவிடும். உயில் என்றால் இறந்த பிறகே செல்லும், உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்தான் எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டால், ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை தனக்கு உண்டு, தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவின்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். 2022-ல் வந்த ஒரு வழக்கில், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவர்களைக் காக்கும் நோக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி ஒரு தாய்க்கு அவர் எழுதிக் கொடுத்த சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதுவது மலிவு.

அதே சட்டத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாதம் அதிகபட்சம் 10 ஆயிரம் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினரிடம் கேட்கவும் வழி உண்டு.

கையெழுத்து நிற்கும்போதே

கணிப்பில் பலரும் விடும் ஒன்று இது. டிமென்ஷியா வந்து நினைவு தப்பிய பிறகு, வங்கியில் சொந்தப் பணம் இருந்தாலும் எடுக்க முடியாமல் போகலாம். "பவர் எழுதி வாங்கியிருக்கேனே" என்பார்கள். இந்தியச் சட்டப்படி எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்துவிட்டால் அந்த பவர் பத்திரமும் செல்லாமல் போகும். அதன் பிறகு பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களிலும் டயப்பர் வாங்க வேண்டும்.

எனவே அப்பா அம்மா தெளிவாக இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு, சேமிப்புக் கணக்கையும் டெபாசிட்டையும் 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் ஜாயிண்ட் ஆக்குங்கள். எல்லா இடத்திலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் பின்னால் தகராறு வரும் என்று தோன்றினால் பதிவு செய்துவிடுங்கள். முக்கியமாக, அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விஷயங்களை அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். எந்த வங்கி, எந்த பாலிசி, யாரிடம் கொடுக்கல் வாங்கல், போன் பின் நம்பர் என்ன என்பது உட்பட. 35 வருஷக் கணக்கில் பின்பாதியை நடத்தப்போகிறவர் அவர்தான்.

முதியவர்களுக்கான அரசுத் திட்டங்கள், சட்ட உதவி, கொடுமை குறித்த புகார் எல்லாவற்றுக்கும் தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு இதை ஸ்பீடு டயலில் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.